பிரிண்டிங் பட்டறையும் ஹலாலான கூலியும்



மாலை மதரஸாவில் என்னிடம் ஓதியவர்களில் சிலர் இன்று திருப்பூரின் பிரிண்டிங் பட்டறைகளில் பனியன் துணிக்கு அச்சிடுகின்றனர்.

அவர்கள் செய்வது பழைய ஸ்டென்சில் கலையின் வளர்ந்த வடிவமாகும். தாளில் உருவத்தை வெட்டி, அந்தத் திறப்பின் வழியே வண்ணம் பூசுவதே ஸ்டென்சில். வளையம் ஒன்றை வெட்டினால் அதன் நடுப்பகுதி பிடிமானமின்றி விழுந்துவிடும். ஜப்பானியர் பட்டிழைகளால் அத்தகைய துண்டுகளைப் பிணைத்தனர். 1907-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டு வலைத்துணி கொண்டு அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில், ஒளி பட்டால் இறுகும் பூச்சைத் தடவுகின்றனர். கறுப்பு உருவம் கொண்ட பிலிமை வைத்து ஒளி காட்டுகின்றனர். கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் தண்ணீரில் கரைந்து வழிவிடுகிறது. ரப்பர் பட்டையால் தள்ளும் வண்ணம் அவ்வழியே துணியில் இறங்குகிறது. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். எதைத் திறந்துவைத்தோமோ, அதுவே ஆயிரக்கணக்கான துணிகளில் பதியும்.

ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், பீர் கம்பெனி விளம்பர டீ-ஷர்ட் ஆர்டர் வந்திருக்கிறது. அந்தக் கூலி ஹலாலா?"

மதுவைப் பரப்பத் துணைபோவது கூடாது என்பதில் ஐயமில்லை, அதையே சொன்னேன். அவர் மேற்பார்வையாளரிடம் பேசி வேறு மேசைக்கு மாறினார். அங்கே வேலை குறைவு. அவ்வாரம் கூலியும் குறைந்தது. வீட்டு வாடகையோ குறையவில்லை.

"பொறுமை கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நாம் விலகிக்கொள்ளலாமா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரைச்சீலையைத் தொங்கவிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்தார்கள். அன்னையவர்கள் அதைக் கிழித்துத் தலையணைகளாக்கினார்கள். தவறு நீங்கியது; துணியும் பயன்பட்டது.

நம்மில் பட்டறை நடத்துவோரும் ஆர்டர் பிடிப்போரும் உள்ளனர். இத்தகைய இளைஞருக்கு அவ்வாரம் வேறு வேலை கொடுப்பது அவர்களால் இயலும். ஜமாஅத்தும் விசாரித்து உதவலாம். ஹராமை விலக்கச் சொல்லும் நாம், ஹலாலுக்கு வழி திறக்கவும் கடமைப்பட்டவர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.