பீட்டர் பார்ட்டிகளே... ஒரு நிமிஷம்!

முதல்லயே சொல்லிடறேன் பாஸ்... நான் டப்பிங் கட்சி! ஹாலிவுட்டோ, கொரியாவோ, ஸ்பெயினோ... தமிழ்ல கிடைச்சா தமிழ்லதான் பார்ப்பேன். எங்க ஹாஸ்டல்ல இதைச் சொன்னா, சாம்பார்ல சர்க்கரை போட்டுச் சாப்பிடுறவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க. 'ஒரிஜினல் வாய்ஸ்ல பார்த்தாத்தான்டா மச்சி ஃபீலு' என்று ஒரு குரூப் சுத்துது. அதுல முக்கால்வாசிப் பேருக்கு சப்டைட்டில் இல்லைன்னா கொரியன் சீரியல்ல யார் யாருக்கு அண்ணன்னே தெரியாது. வந்துட்டாங்க ஃபீலைத் தூக்கிட்டு!

ஒரிஜினல் வாய்ஸ்னா எது? நம்ம தமிழ்ப் படங்கள்லயே பெரும்பாலானவை ஷூட்டிங் முடிஞ்ச பிறகு, டப்பிங் தியேட்டரில் மைக் முன்னால் நின்று பேசிச் சேர்த்தவைதான். 2004-ல் வந்த 'விருமாண்டி'யில் லைவ் சவுண்ட் என்பதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததே அதனால்தானே? 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஜெஸ்ஸிக்கும் (2010), '96' ஜானுவுக்கும் (2018) உருகி உருகி ஸ்டேட்டஸ் போட்டவங்க ஒண்ணு யோசிங்க. முகம் த்ரிஷா. குரல் சின்மயி. 2023-ல் 'லியோ'விலும் அதே குரல். அப்போ நீங்க காதலிச்சது யாரை?

உலக சினிமா பேசுறவங்களுக்கு இன்னொரு அணுகுண்டு. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) இருக்கே, அதில் அமெரிக்க நடிகர்கள் இங்கிலீஷிலும் இத்தாலிக்காரர்கள் இத்தாலியனிலும் அவங்கவங்க பாட்டுக்குப் பேசி நடிச்சாங்க. ஒலியெல்லாம் பிறகு சேர்த்ததுதான். அந்தப் படத்துக்கு 'ஒரிஜினல் வாய்ஸ்' எதுன்னு கேட்டேன். ஃபில்ம் கிளப் அண்ணன் ஒருத்தர் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கார்.

நான் வளர்ந்ததே டப்பிங்லதான். சுட்டி டி.வி-யில் டோராவும் புஜ்ஜியும் தமிழ் பேசினாங்க. ஜாக்கி சான் தமிழ்லயே உதை வாங்கினார். விஜய் டி.வி 'மகாபாரதம்' ஓடின 2013, 14-ல எங்க தெருவுல அந்த நேரத்துக்கு நாய்கூட குலைக்காது. புதுயுகத்துல கொரியன் சீரியல் வந்தப்போ, பெயர் வாயில நுழையாத ஹீரோவுக்கு எங்க சித்தி 'சப்பை மூக்கன்'னு பேர் வெச்சு, அவனுக்காக அழவும் செஞ்சாங்க.

டப்பிங் சுலபம்னு நினைச்சா, நீங்களே ஒருநாள் டி.வி-யை மியூட்ல போட்டுட்டுப் பேசிப் பாருங்க. ஸ்கிரீன்ல ஆள் உதட்டை மூடித் திறக்கிற இடத்துல நீங்க ஒரு 'ப'வையோ 'ம'வையோ கொண்டுபோய் வைக்கணும். க்ளோஸ்-அப்ல அது தப்பினா மானம் போயிடும். அதைவிடப் பெரிய தலைவலி, நம்ம வினைச்சொல் கடைசியில வர்றது. இங்கிலீஷ்காரன் 'கொன்னேன்'கிறதை வாக்கியத்தின் நடுவிலேயே சொல்லி, அங்கேயே புருவத்தைத் தூக்கிடுறான். நமக்கு 'நான்தான் அவனை...' வரைக்கும்தான் வந்திருக்கும். புருவம் ஏறி இறங்கின பிறகு கொலை நடக்கும்! அதைச் சரிபண்ண ரைட்டர் வாக்கியத்தையே கழற்றி வேற மாதிரி மாட்டணும். தெலுங்கு, இந்திக்கு இந்தப் பிரச்னை குறைவு. அங்கேயும் வினை கடைசியிலதான்.

சொதப்பல் இல்லையான்னா, நிறைய இருக்கு. 'அடக் கடவுளே' சொல்லாத வெள்ளைக்காரனை நான் பார்த்ததே இல்லை. ஹீரோ நல்ல தமிழ், காமெடியன்னா மெட்ராஸ் பாஷைங்கிற வியாதி எப்போ தீருமோ? அப்புறம் இந்த ஸ்டார் வாய்ஸ் மேட்டர். 2019-ல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி பேசினார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனா, வருஷக்கணக்கா வேற குரல்ல பழகின மனுஷன், கடைசிப் படத்துல திடீர்னு சேதுபதியா மாறினா எப்படி? எட்டாங்கிளாஸ் பையனா தியேட்டர்ல உட்கார்ந்து நொந்துட்டேன்.

அதே வருஷம் 'தி லயன் கிங்' மட்டும் எப்படி செட் ஆச்சு? ஸ்காருக்கு அரவிந்த்சாமி. 1994 கார்ட்டூன்ல சிம்பாவுக்குப் பேசினவரே சித்தப்பா சிங்கமாயிட்டார்! பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி, ஸாஸுவுக்கு மனோபாலா. மனோபாலா 2023-ல் போயிட்டார், ரோபோ சங்கர் 2025-ல். போன மாசம் மறுபடி பார்த்தப்போ, அந்தப் பறவையும் பன்றியும் வாயைத் திறந்தாலே தொண்டையை என்னவோ பண்ணுச்சு. அது டப்பிங் படம்தானேன்னு யாராவது சொன்னா அடிப்பேன்.

பாட்டு விஷயத்துல மட்டும் நான் அரை மனசுதான். மெட்டுக்கும் எழுதணும், உதட்டுக்கும் எழுதணும், அர்த்தமும் வேணும்னா கவிஞர் எங்கே போவார்? ஆனா, 'புஷ்பா'வில் (2021) ஆண்ட்ரியா பாடின தமிழ் வெர்ஷன் தெலுங்குக்குக் கொஞ்சமும் சளைச்சதில்லைன்னு ஸ்பீக்கர் வெச்சு நிரூபிக்க ரெடி. 2023-ல் ஆஸ்கர் வாங்கின பாட்டைக்கூட மதன் கார்க்கி 'நாட்டுக் கூத்து' ஆக்கினார் பாருங்க, 'நாட்டு'ங்கிற சத்தமும் போகலை, நம்ம ஊர்க் கூத்தும் உள்ளே வந்துடுச்சு. அது வேலை!

சரி, இவ்வளவு சூடா ஏன் பேசுறேன்? எங்க காலேஜுக்கு ப்ளேஸ்மென்ட் டிரெய்னிங் எடுக்க ஒருத்தர் வந்தார். 'இங்கிலீஷ் படத்தை தமிழ் டப்பிங்ல பார்க்கிறவங்க கை தூக்குங்க' என்றார். கிளாஸ்ல பாதிப் பேர் பார்க்கிற ஆளுங்கதான். ஒரு கை எழும்பலை. என் ரூம்மேட் மட்டும் தூக்கினான், பக்கத்துல நானும். 'இந்த ரெண்டு பேருக்கும் வேலை கிடைச்சா எனக்குச் சொல்லுங்க'ன்னார். ஹால் முழுக்க சிரிப்பு.

ரூம்மேட் கவர்ன்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். அவன் ஒரு சீரியலை முதல்ல தமிழ்ல பார்ப்பான். கதை மனசுல ஏறினதும் அதையே இங்கிலீஷ்ல போடுவான். 'முதல் ரவுண்டு எனக்கு, ரெண்டாவது ரவுண்டு இன்டர்வியூவுக்கு'ம்பான். நோட்டுல வார்த்தை எழுதி வெச்சிருக்கான். அந்த டிரெய்னர் நடத்தின மூணு நாள் கிளாஸைவிட அந்த நோட்டு கனமானது.

அடுத்து எங்கம்மா. ஊர் தென்காசிப் பக்கம். வீட்டுல பீடி சுத்துறாங்க. மடியில தட்டு, கையில இலை, தூள், நூல். கண்ணு கை மேல இருந்தாகணும், காதுதான் ஃப்ரீ. சப்டைட்டில் படிச்சா அன்னிக்குக் கூலி போச்சு. என் பழைய போனை ஒரு சொம்புல சாய்ச்சு வெச்சு, 'மணி ஹெய்ஸ்ட்'டை தமிழ்ல போட்டுக் கொடுத்துட்டு வந்தேன் (2021-லேயே தமிழ் வந்துடுச்சு). இப்போ தினமும் போன் பேச எங்களுக்கு விஷயம் இருக்கு. முன்னாடியெல்லாம் 'சாப்டியா', 'சாப்ட்டேன்' - முடிஞ்சுது.

"ஏய்யா, அந்த வாத்தியான் கடைசியில போலீஸ்ட்ட மாட்டிக்கிடுவானா?"

"யம்மா, சொன்னா நீ பார்ப்பியா?"

"சொல்லாத, சொல்லாத! ஆனா ஒண்ணு, அவன் பதறாமப் பேசுதான் பாரு, அந்தக் குரலைக் கேட்டா பயலுவ கொள்ளையடிச்சாலும் சரின்னு தோணுது."

எங்க டிபார்ட்மென்ட்ல இப்போ கம்ப்யூட்டரே குரலை காப்பியடிச்சுப் பேசுற சாஃப்ட்வேர்னு ஆளாளுக்கு புராஜெக்ட் பண்றாங்க. டெமோவில் கேட்டேன். உதடு சூப்பரா ஒத்துப்போகுது. அந்தப் பதறாமைதான் இல்லை. இருந்தாலும் இலவசமா வர்ற குரலை எந்தக் கம்பெனி வேணாம்னு சொல்லும்? அந்தப் பயம் எனக்கு நிஜமாவே இருக்கு.

போன வாரம் அம்மா கேட்டாங்க: "அந்த வாத்தியானுக்குப் பேசுதவர் பேரு என்னய்யா?" எபிசோட் முடிஞ்சதும் அடுத்ததுக்கு ஓடாமக் காத்திருந்தேன். கடைசியோ கடைசியில், பொடி இங்கிலீஷ் எழுத்துல டப்பிங் லிஸ்ட் வந்து ஓடுச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெரிசு பண்ணி, போன்ல வாசிச்சுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நூல் அறுக்கிற சத்தம் மட்டும்.

"பேரைப் பார்த்தா நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருக்கே... கல்யாணம் ஆயிட்டாமா?"