படங்களைக் காட்டவா?

ஏப்ரல் 14 காலையில் எங்கள் மாதக் கடிதம் மின்னஞ்சலில் போனது. மேலே அண்ணல் படம், அதே நீலக் கோட்டு, கையில் அரசமைப்புச் சட்டம். கீழே இரண்டு கட்டுரை, ஒரு கூட்ட அறிவிப்பு. எட்டு மணிக்கெல்லாம் மந்தைவெளியிலிருந்து ஐயா போன் செய்துவிட்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்தா, திட்டு இரண்டையும் எங்களுக்குத் தவறாமல் கொடுப்பவர்.

"ஏம்ப்பா, அண்ணல் பிறந்த நாளுக்குக் கடிதம் அனுப்புறீங்க. அதுல அண்ணலைக் காணோமே? வெள்ளைக் கட்டம்தான் இருக்கு. மூலையில சின்னதா ஒரு பெருக்கல் குறி."

அவர் கணினியில் இருப்பது அவுட்லுக். வெளியிலிருந்து வரும் படங்களை அது தானாகத் திறக்காது. காட்டவா என்று கேட்டுவிட்டுத்தான் காட்டும். எங்கள் முகவரியைப் பாதுகாப்பான அனுப்புநர் பட்டியலில் சேர்த்தால் அப்புறம் கேட்காது என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் படம் வந்துவிட்டது. "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்றார் ஐயா.

அதோடு விட்டிருக்கலாம். இதே தொல்லை மற்றவர்களுக்கும் இருக்குமே என்று, படங்கள் தானாகத் தெரிய என்ன செய்ய வேண்டும் என ஒரு குறிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பினோம். அவுட்லுக்கில் இப்படி, தண்டர்பேர்டில் இப்படி, ஜிமெயிலில் பல்சக்கரக் குறியை அழுத்தி முழு அமைப்புகளுக்குள் போய் 'இமேஜஸ்' என்ற இடத்தில் எப்போதும் காட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள் என்று. உதவி செய்த திருப்தி எங்களுக்கு. எதைச் செய்யச் சொல்கிறோம் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

மே மாதக் கடிதம் போன மறுநாள் தி. நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி கூப்பிட்டாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் அம்பேத்கர் மணிமண்டபத்தில் நாங்கள் நீட்டிய தாளில் பெயரும் மின்னஞ்சலும் எழுதிக் கொடுத்தவள். அவசரத்தில் அலுவலக முகவரியை எழுதியிருக்கிறாள். எங்கள் குறிப்பைப் படித்து, சொன்னபடியே எங்களைப் பாதுகாப்பான பட்டியலிலும் சேர்த்திருக்கிறாள். மே கடிதத்தைத் தொட்டதும் திரை அகலத்துக்கு அண்ணல் வந்து நின்றார். படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் தலித் மாணவர் விடுதிகளைப் பற்றிய கட்டுரைத் தலைப்பு. பின்னால் தேநீரோடு நின்றிருந்த தோழி கேட்டாளாம்:

"ஏய், நீ எஸ்.சி.யா? சொல்லவே இல்லையே!"

திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள். ஆனால் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்காரரிடம் அறிமுகப்படுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவளும் அதே தோழிதான். அந்தப் பேச்சு அதன் பிறகு எழவே இல்லை. மதியச் சாப்பாட்டில் டப்பாக்கள் கைமாறுவது குறைந்தது. நகரத்துச் சாதி இப்படித்தான் வரும், வழக்குப் போட ஒரு வாக்கியம்கூட மிச்சம் வைக்காமல். 'சைவம்தானே?' என்ற கேள்விக்குப் பின்னால் எது நிற்கிறது என்பது மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீடு தேடிய யாருக்கும் தெரியும்.

"நான் மறைக்கணும்னு நினைச்சதில்ல, தோழர். என்னைக்கு, யார்கிட்ட சொல்றதுன்னு நான்தானே முடிவு பண்ணணும்?" என்றாள். எங்களிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

மின்னஞ்சலில் படம் இரண்டு விதமாக வரும். ஒன்று, கடிதத்துக்குள்ளேயே பொதிந்து வருவது. உறைக்குள் வைத்து ஒட்டிய புகைப்படம் மாதிரி. இன்னொன்று, கடிதத்தில் படத்தின் முகவரி மட்டும் இருக்கும். படம் எங்கோ ஒரு சர்வரில் கிடக்கும். நாம் கடிதத்தைத் திறக்கும்போது நம் கருவி அந்த சர்வருக்குப் போய், படத்தைக் கொடு என்று கேட்டு வாங்கிவரும். இந்தக் கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேட்பது யார், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த வகைக் கருவியில் என்பதெல்லாம் அந்த சர்வரில் பதிவாகும். ஒவ்வொருவருக்கும் படத்தின் முகவரியில் வெவ்வேறு எண்ணைச் சேர்த்து அனுப்பினால், திறந்தவர் யார் என்பதும் பெயரோடு தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் படம்கூடத் தேவையில்லை. ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம், நிறமே இல்லாத ஒரு புள்ளி போதும்.

ஐயா வீட்டு வெள்ளைக் கட்டம் கோளாறு அல்ல, கதவு. நாங்கள்தான் அதைக் கழற்றிவைக்கச் சொல்லியிருந்தோம்.

இதைவிட வெட்கமான இன்னொன்று உண்டு. கடிதம் அனுப்ப நாங்கள் ஓர் இலவசச் சேவையைப் பயன்படுத்தி வந்தோம். அதில் 'ரிப்போர்ட்' என்று ஒரு பக்கம் இருப்பது தெரியும், திறந்து பார்த்ததில்லை. அன்று திறந்தோம். முந்நூறு சொச்சம் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை முறை திறந்தார், எப்போது திறந்தார், எந்த ஊர். அடையாறு பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்கிறான். அரசு அலுவலகத்தில் இருக்கும் தோழர் ஒரே கடிதத்தை ஏழு முறை. ஜிமெயில்காரர்கள் பலரும் அமெரிக்காவில் இருப்பதாகக் காட்டியது. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் காரணம் உண்டு: 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே எடுத்துவருகிறது, அதனால் நம் ஐ.பி. முகவரி வெளியே போவதில்லை. திறந்தோம் என்பது மட்டும் போய்விடும்.

கண்காணிப்பைப் பற்றி மேடைதோறும் பேசும் நாங்கள், எங்கள் மக்கள் எத்தனை மணிக்கு விழித்திருந்தார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறோம். யாரும் கேட்கவில்லை, நாங்களும் விரும்பிச் செய்யவில்லை. சேவையே அந்தப் புள்ளியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறது. நாளை எங்கள் மடிக்கணினியை யாராவது தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பட்டியலும் கூடவே போகும்.

யார் தூக்கப் போகிறார்கள் என்று கேட்கும் தோழர்களுக்கு பீமா கோரேகான் வழக்கை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. 2016 ஜூன் 13 அன்று, கவிஞர் வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வேறு யாரோ வில்சனுக்குத் தொடர்ந்து எழுதி, ஓர் ஆவணத்தைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறார்கள். அவர் திறந்தார். நெட்வயர் என்ற உளவு மென்பொருள் உள்ளே போனது. மறைவான ஒரு கோப்புறையில் பத்துக் கடிதங்கள் வைக்கப்பட்டன. அந்தக் கோப்புறையை அவர் ஒருபோதும் திறந்ததாகத் தடயமே இல்லை என்கிறது அறிக்கை. நாக்பூரில் தலித், ஆதிவாசி வழக்குகளை நடத்தியவர் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங். அவருடைய கணினியும் அப்படியே ஊடுருவப்பட்டது என்று அதே நிறுவனம் பிறகு சொன்னது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமியின் கணினி 2014 முதல் பிறர் கையில் இருந்தது என்ற அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. அதைப் படிக்க அவர் இல்லை. 2021 ஜூலை 5 அன்றே காவலில் இருந்தபடி இறந்துவிட்டார். புலனாய்வு அமைப்பு இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தக் கணினிகளுக்குள் நுழைந்தது தானாகத் திறந்த படம் அல்ல. இணைப்புக் கோப்புகளும் சுட்டிகளும். வெறும் படம் உங்கள் கணினிக்குள் கடிதம் வைத்துவிடாது. ஆனால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், நம் கடிதத்தைத் திறக்கிறார், காலை ஆறு மணிக்குத் திறக்கிறார் என்ற துப்பை அது கொடுத்துவிடும். வேட்டைக்குப் போகிறவன் முதலில் கால்தடம்தானே பார்ப்பான். 2006இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில், இயக்குநர் குழுவின் செய்தியைக் கசியவிடுவது யார் என்று கண்டுபிடிக்க, ஒரு பத்திரிகையாளருக்குப் பொய்ப் பெயரில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதில் தடம் காட்டும் கருவியை ஒளித்து வைத்திருந்தார்கள். அவர் அதை யாருக்கு அனுப்புகிறார் என்று பார்ப்பதுதான் நோக்கம். அது அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது.

இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஐயாவிடம் போனோம். படமே இல்லாமல் வெறும் எழுத்தாக அனுப்பலாமா என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"1893ல இரட்டைமலை சீனிவாசன் இதே சென்னையில பத்திரிகை ஆரம்பிச்சாரே, என்ன பேரு வச்சாரு? 'பறையன்'னு வச்சாரு. உள்பக்கத்துல இல்லப்பா, தலைப்புல! வாங்குறவன் கையில அந்தப் பேரு எல்லாருக்கும் தெரியும். நூத்தி முப்பது வருஷம் கழிச்சு நீங்க அண்ணல் படத்தை எடுக்கலாமான்னு கேக்குறீங்க."

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய இராயப்பேட்டை, ஐயா உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பேருந்தில் கால் மணி நேரத் தூரம்தான். அவர் சொன்னதில் தவறில்லை. ஊர் ஊராக அண்ணல் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பார்த்த தலைமுறை நாம். படத்தை மறைக்கச் சொல்லும் எந்தப் பேச்சும் அந்தக் கூண்டைத்தான் ஞாபகப்படுத்தும்.

ஆனாலும் நாங்கள் ஐயாவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. சீனிவாசன் அந்தப் பெயரைத் தன் பத்திரிகைக்குத் தானே சூட்டிக்கொண்டார். காசு கொடுத்து வாங்கியவரும் தெரிந்தே கையில் பிடித்தார். தி. நகர் தங்கைக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் அவள் திரையில் அவளுக்காக நாங்கள் அறிவித்துவிட்டோம். ஐயாவுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது. அவளுக்கு அடுத்த மாதம் வீடு காலி செய்ய வேண்டும். இதைச் சொன்னபோது ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு வருடம் பையில் ஒரு நாற்காட்டியை மடித்து வைத்திருந்ததைச் சொன்னார். அண்ணல் படம் போட்ட நாற்காட்டி. மேசையில் மாட்டியது ஐந்தாவது வருடம், வேலை நிரந்தரமான பிறகு.

இப்போது கடிதத்தை இப்படி அனுப்புகிறோம். இலவசச் சேவையை விட்டுவிட்டோம். அதில் இருந்த பட்டியலையும் ரிப்போர்ட்டுகளையும் அழித்தோம். சாதாரண மின்னஞ்சலில், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பி.சி.சி.யில் போகிறது. பொருள் வரியில் மாதமும் ஆண்டும் மட்டும். திறந்ததும் முதல் திரை வெறும் எழுத்து, அதுவும் ஒரு வணக்கமும் பொருளடக்கமும்தான். படம் கடைசியில் வருகிறது, கடிதத்துக்குள்ளேயே பொதிந்து. எங்கும் போய்க் கேட்டு வாங்க வேண்டியதில்லை என்பதால் எந்த சர்வரிலும் யார் பெயரும் பதிவாகாது. படத்தில் இருப்பது என்ன என்று இரண்டு வரி எழுத்திலும் சொல்கிறோம். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற தோழர் இதை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டால் இனி எங்களுக்குத் தெரியாது. பதில் எழுதுகிறவர்களை மட்டும் எண்ணிக்கொள்கிறோம். போன மாதம் பதினொன்று.

உங்கள் பெட்டியில் என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. நாங்கள் செய்துகொண்டதைச் சொல்கிறோம். ஜிமெயிலில் அதே 'இமேஜஸ்' இடத்தில், காட்டும் முன் கேள் என்று மாற்றிவிட்டோம். தண்டர்பேர்டும் ஐயா கணினியில் இருக்கும் அவுட்லுக்கும் முதலிலிருந்தே அப்படித்தான். சும்மா விட்டாலே போதும். ஐபோன் வைத்திருக்கும் தோழர்களுக்கு, ஆப்பிள் மெயிலில் 2021இலிருந்து மின்னஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பு என்று ஒரு வசதி உண்டு. நாம் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அது படங்களை முன்கூட்டியே வேறு வழியாக எடுத்து வைத்துக்கொள்ளும், அனுப்பியவருக்கு உண்மை தெரியாது. முக்கியமாக, இயக்கக் கடிதங்களுக்கு அலுவலக முகவரியையோ கல்லூரி முகவரியையோ கொடுக்காதீர்கள். எங்கள் தாளில் இப்போது அந்த வரியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறோம்.

தங்கைக்கு வீடு கிடைத்துவிட்டது. மயிலாப்பூரில் இல்லை, வேளச்சேரி தாண்டி. சொந்த முகவரியைக் கொடுத்திருக்கிறாள்.

ஜூன் கடிதம் புது முறையில் போனது. எட்டு மணிக்கு ஐயா போன் செய்தார். "படம் வந்துடுச்சுப்பா. ஆனா ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு, அதுவும் அடியில?"

காரணத்தைத் திரும்ப ஒருமுறை சொல்ல ஆரம்பித்தோம். "தெரியும், தெரியும்" என்றார். "கொஞ்சம் பெருசு பண்ணுங்க. அடியிலயே இருக்கட்டும்."