அப்பா கேட்ட எஞ்சின்

கடையம் என்றதும் இலக்கிய வாசகர்களுக்குப் பாரதியும் செல்லம்மாளும் நினைவுக்கு வருவார்கள். அக்கா தம்பியான எங்கள் இருவருக்குமோ கீழக்கடையம் ரயில் நிலையமே முதலில் கண்முன் வந்து நிற்கும். 1903இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை நீண்ட மீட்டர்கேஜ் பாதையின் சிறு நிலையம் அது. அப்பா அந்தப் பாதையில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ரவணசமுத்திரத்தை விட்டு வண்டி கிளம்பும் ஓசை காற்றுவாக்கில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு எட்டும். "இன்னைக்குப் பெட்டி கூட இருக்கு" என்பார் அப்பா. போய் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நாங்கள் அறிந்த அந்த டீசல் எஞ்சினின் பெயர் ஒய்.டி.எம். 4. ஒய் என்றால் மீட்டர்கேஜ், டி என்றால் டீசல், எம் என்றால் பயணி வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் பொது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1960களின் தொடக்கத்தில் முதல் எஞ்சின்கள் அங்கிருந்து வந்தன. கனடாவின் மாண்ட்ரியாலில் கட்டப்பட்டவை 4ஏ என்று பெயர் பெற்றன. பின்னர் வாரணாசியிலேயே நூற்றுக்கணக்கில் உருவாயின. அகலப்பாதைப் பணிக்காக 2008இன் இறுதியில் எங்கள் பாதை மூடப்பட்டது. 2012இல் மீண்டும் ரயில் வந்தபோது மீட்டர்கேஜ் இல்லை. அப்பாவின் கண்ணொளியும் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான் மங்கத் தொடங்கியது. கண்நீர் அழுத்த நோய். இப்போது வெளிச்சமும் இருளும் மட்டுமே அவருக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் ஒய்.டி.எம். 4 ஒன்றைக் காட்சிக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பாவை அழைத்துச் சென்றோம். புது வண்ணம் பூசி, சிமெண்ட் மேடையில் இரண்டு துண்டுத் தண்டவாளத்தின்மேல் நிறுத்தியிருந்தார்கள். அப்பா படிக்கம்பியைப் பிடித்துப் பார்த்தார்; பக்கவாட்டுக் கதவுகளைத் தடவிப் பார்த்தார். "இதுதானே அப்பா?" என்று கேட்டோம். "சத்தம் இல்லாம எப்படிச் சொல்ல?" என்றார். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. எண்ணும் வகையும் பலகையில் தெளிவாக எழுதியிருக்கும்போது இதிலென்ன ஐயம் என்று நினைத்தோம்.

அடுத்த ஆண்டு உறவினர் திருமணத்திற்காகத் திருச்சிக்குப் போயிருந்தோம். விடியற்காலையில் நடைமேடை பெஞ்சில் அமர்ந்திருக்கையில், சற்றுத் தள்ளி ஒரு ஷண்டிங் எஞ்சின் காலிப் பெட்டிகளை இழுத்து வந்து நின்றது. அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "ஏ, நம்ம மீட்டர்கேஜ் எஞ்சின்லா நிக்கு!" என்றார்.

இல்லை என்றோம். இங்கே மீட்டர்கேஜ் முடிந்துபோயிற்று, இது அகலப்பாதை என்று தம்பி பொறுமையாக விளக்கினான். அப்பா கேட்கவில்லை. "கண்ணுதானல போச்சு, காதா போச்சு?" என்று குரலை உயர்த்தினார். அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வப்போது பெயர்களை மாற்றிச் சொல்வதும், சாப்பிட்டதை மறப்பதும் அவரிடம் தொடங்கியிருந்த காலம் அது. இல்லாத எஞ்சினை இருக்கிறது என்கிறாரே, இது அடுத்த கட்டம் போலும் என்று அஞ்சினோம். ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் காட்டுவதென்று அவர் காதுபடாமல் பேசி முடிவு செய்தோம்.

அன்றிரவு தம்பி, திருச்சியில் குறித்து வைத்திருந்த எஞ்சின் வகையைத் தேடிப் பார்த்தான். டபிள்யூ.டி.எஸ். 6. டபிள்யூ அகலப்பாதை, எஸ் ஷண்டிங். பார்வைக்கு ஒய்.டி.எம். 4க்கும் இதற்கும் உறவே சொல்ல முடியாது. அது 1000 மில்லிமீட்டர் பாதையில் ஓடிய எழுபது டன் சொச்சம் எடையுள்ள மெலிந்த உருவம். இது 1676 மில்லிமீட்டர் பாதையில் நூறு டன்னுக்கும் மேற்பட்ட பருத்த உருவம். ஆனால் இரண்டின் மூடிக்குள்ளும் இருப்பது ஒன்றேதான்: ஆல்கோ 251 குடும்பத்தைச் சேர்ந்த, ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த, ஏறத்தாழ 1400 குதிரைத்திறன் டீசல் இயந்திரம். மீட்டர்கேஜுக்கென வந்த இதயத்தை அகலப்பாதை ஷண்டிங் எஞ்சினுக்கும் பொருத்தியிருக்கிறார்கள். பெரிய ரயில்களை இழுத்த டபிள்யூ.டி.எம். 2வும் இதே குடும்பம்தான். ஆனால் அதற்குப் பதினாறு சிலிண்டர்கள், ஓசை வேறு. அப்பா ஆறையும் பதினாறையும் காதால் பிரித்துவிட்டார். உருவத்தைப் பார்த்த நாங்கள் தவறினோம்.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான கதை உண்டு. அங்கே 1952 முதல் 1962 வரை 08 வகை ஷண்டிங் எஞ்சின்கள் 996 கட்டப்பட்டன. அவற்றுள் பலவற்றைப் பாரம்பரிய ரயில் ஆர்வலர்கள் பாதுகாத்து ஓட்டிவருகிறார்கள். 10 வகை என்று இன்னொன்றும் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 08க்குள் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் இயந்திரம். 10க்குள் பிளாக்ஸ்டோன் இயந்திரம். அதற்கும் மூத்த 11 வகையைச் சக்கரத்தின் விட்டம் சிறியதாக இருப்பதைக் கொண்டு கண்ணாலேயே பிரித்துவிடலாம். 08ஐயும் 10ஐயும் பிரிக்க, ஓட விட்டுக் காது கொடுப்பதே எளிய வழி.

ஏடு ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பதைப் பாடமாகப் படித்தவர்கள் நாம். இரண்டு சுவடிகள் ஒரே எழுத்தமைதியில் இருப்பதால் மட்டும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை ஆகிவிடா. வெவ்வேறு கையெழுத்தில் இருப்பதால் மட்டும் வேறு மூலம் என்றும் ஆகிவிடாது. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லித் தரும் இச்செய்தி, திருச்சி நடைமேடையில் நமக்கு உதவவில்லை.

பாதுகாக்கப்பட்ட எஞ்சின்களின் பலகையில் வகையும் எண்ணும் எழுதுகிறோம். உள்ளே எந்த இயந்திரம், எந்த ஊரில் கட்டியது என்பதையும் எழுதலாம். ஓடிக்கொண்டிருக்கும் உறவு எஞ்சினின் ஓசையைப் பதிந்து ஒரு பொத்தானில் வைக்கலாம். மின்கம்பிகள் எங்கும் பரவிவரும் இந்நாளில் அந்த ஓசை இனி எத்தனை காலம் கேட்குமோ?

மறுநாள் காலை அப்பாவிடம் விவரத்தைச் சொல்லி, நாங்கள் தவறாகப் பேசிவிட்டோம் என்றோம். மருத்துவரைப் பற்றிப் பேசியதையும் மறைக்கவில்லை. அவர் காப்பியைக் குடித்து முடித்தார். "அதான் அப்பவே சொன்னம்லா" என்றார். பிறகு, ஷண்டிங்கில் எத்தனை பெட்டி இழுத்தது என்று கேட்டார். நாங்கள் எண்ணியிருக்கவில்லை.