ஜெலி இனிப்பும் இரவுக் குளிசையும்

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். "அப்பா, உங்களுக்கென்ன விசரோ? உதையெல்லாம் எழுதுறதோ?" என்று மகள் கேட்டாள். ஆனால் போன மாதம் ஒரு செத்தவீட்டில் என் வயதுக்காரர் மூன்று பேர் ஒரு மூலையில் நின்று குசுகுசுத்தது இந்த விசயத்தைத்தான். மூன்று பேருக்கும் நாரி நோ. மூன்று பேரிடமும் அந்தப் பொட்டலம் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் நாரியின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்காபரோவில் பத்தொன்பது வருடம் பெட்டி தூக்கிய நாரி. முள்ளந்தண்டில் நரம்பு போகும் பாதை ஒடுங்கிவிட்டதாம். இடுப்பிலிருந்து இடது குதிக்கால்வரை கொதிதண்ணி ஓடுகிற மாதிரி ஒரு எரிவு. பகலில் சமாளிக்கலாம். இரவு இரண்டு மணிக்குச் சமாளிக்க ஏலாது.

முதலில் இபுப்ரோஃபென் தந்தார்கள். எனக்குப் பிரஷர் இருப்பதாலும் சிறுநீரகத்தை யோசித்தும் டொக்டர் அதை நிறுத்திவிட்டு, பிரிகாபலின் 75 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு என்று எழுதினார். எரிவு பாதியாகக் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கால் வீங்கியது. காலையில் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி. தெரிந்தவர்களின் பெயர் வாயில் வராது. பங்குனியில் நோ திரும்பக் கூட, மருந்தையும் கூட்டுவோம் என்றார்.

எனக்குப் பயம் வந்தது அங்கேதான். மனிசிக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். காலை ஆறேகாலுக்குக் காரை எடுக்கவேணும். வேறு வழிகள் இருக்கின்றன, ஆனால் நான் ஓடினால்தான் அவவுக்கு நிம்மதி. இருக்கிற மருந்துக்கே தலை சுற்றுகிறது. இன்னும் கூட்டினால் யார் ஓடுறது?

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17இல் கஞ்சா சட்டபூர்வமானது. சாப்பிடும் பண்டங்களுக்கு அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான் அனுமதி கிடைத்தது. எங்கள் பிளாசாவிலும் கொத்துரொட்டிக் கடைக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு கடை வந்தது. நாலு வருடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, குளிர்த்தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு உள்ளே போனேன். கோயில் ஆட்கள் யாராவது கண்டால் என்ன சொல்வது என்று காருக்குள்ளேயே யோசித்து வைத்திருந்தேன். உள்ளே நின்ற பெடியன் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நித்திரைக்கோ, நோவுக்கோ?" என்று தமிழில் கேட்டான்! தொப்பி வீணாய்ப் போனது. நாலு ஜெலி இனிப்பு, ஒவ்வொன்றிலும் போதை தருகிற டி.எச்.சி. 2.5 மில்லிகிராம். ஒரு பொட்டலத்தில் மொத்தம் 10க்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். "ஒண்டோட நிப்பாட்டுங்கோ அங்கிள்" என்றும் சொல்லித்தான் விட்டான்.

நான் நிப்பாட்டவில்லை. ஒன்பது மணிக்கு ஒன்று சாப்பிட்டேன். பத்து மணிவரை ஒன்றும் இல்லை. ஏமாற்று வேலை என்று நினைத்து இன்னும் இரண்டை வாயில் போட்டேன். இரவுக் குளிசையையும் வழக்கம்போல எடுத்தேன்.

பதினொன்றரைக்குப் பிடித்தது. நோ போகவில்லை. அது இருப்பது தெரிந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரனின் நோ மாதிரி இருந்தது. அந்த நேரம் அது பெரிய சுகம்தான், மறைக்கவில்லை. பிறகு கட்டில் மெதுவாகச் சரியத் தொடங்கியது. நெஞ்சு அடித்தது. அப்போது மனிசி கூப்பிட்டா. "இஞ்சாருங்கோ, கால் பிடிச்சு இழுக்குது, ஒருக்கா எழும்பி வாங்கோ." டயாலிசிஸ் நாட்களில் அவவுக்கு அப்படி வரும், நான்தான் உருவிவிடுவேன். நான் எழும்பினேன், நிலத்தில் இருந்துவிட்டேன். அவ நாலு தரம் கூப்பிட்டது கேட்டது. பதில் சொல்லவேணும் என்பதும் தெரிந்தது. வாய் வரவில்லை. கடைசியில் அவ நொண்டிக்கொண்டு வந்து, நிலத்தில் இருந்த என்னைப் பார்த்து, பாரிசவாதம் என்று நினைத்து மகளுக்கு அடித்தா. மகள் வந்து மேசையில் கிடந்த பொட்டலத்தைக் கண்டாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை.

சாப்பிட்ட கஞ்சா ஈரல் வழியாகப் போய்த்தான் வேலை செய்யும் என்று பிறகு பாமசிப் பிள்ளை விளக்கினாள். தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணி எடுக்கும், உச்சத்துக்கு நாலு மணிகூட ஆகும், பன்னிரண்டு மணி நேரம் நிற்கலாம், அடுத்த நாள் முழுக்கச் சோர்வு இருக்கலாம். பிரிகாபலினும் மந்தப்படுத்தும் மருந்து. இரண்டும் சேர்ந்ததால்தான் விழுந்தேன். அப்படியென்றால் பிரிகாபலினை விட்டுவிடுகிறேன் என்றேன். திடீரென்று நிறுத்தினால் அது வேறு வில்லங்கமாம், படிப்படியாகத்தான் குறைக்கவேணும். என் சிநேகிதர் வார்ஃபரின் எடுக்கிறார் என்றதும் அவள் முகம் மாறியது. போதை இல்லாதது என்று விற்கிற சி.பி.டி. கூட அந்த மருந்தின் வேலையைக் கூட்டி இரத்தக் கசிவுக்குக் கொண்டுபோகலாம், இன்றைக்கே அவருக்குச் சொல்லுங்கோ என்றாள். சொன்னேன். செத்தவீட்டில் நின்ற மூன்று பேரில் அவரும் ஒருவர்.

எங்கள் ஊர்ப் பரியாரியார் நித்திரை வராத கிழவர்களுக்கு ஒரு லேகியம் கொடுப்பார். அதில் என்ன கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். சுண்டங்காய் அளவு. அதற்குமேல் கேட்டால் பரியாரியார் ஏசுவார். பொட்டலத்துக்கு ஏசத் தெரியாது.

டொக்டரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் கேட்டது, "எத்தனை மில்லிகிராம்?" 2021இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஒரு வழிகாட்டலைப் பற்றியும் சொன்னார். நமக்குப் பக்கத்தில், ஹமில்ரனில் இருக்கும் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவர் முன்னின்று செய்தது. வழமையான சிகிச்சை போதாதவர்கள், புகைக்காமல், கொஞ்சமாகப் பார்க்கலாம் என்பதுதான் அதன் சாரம். பலன் சிலருக்குத்தான், அதுவும் சிறிதுதான். அதே வருடம் நோ பற்றிய சர்வதேச மருத்துவச் சங்கம் இதை ஆதரிக்க மறுத்ததையும் சேர்த்தே சொன்னார். குளிசைக்கு ஒன்ராறியோவில் 65 தாண்டியவர்களுக்கு அரசாங்கம் காசு கட்டும், இதற்குக் கட்டாது.

இப்போது காலைக் குளிசை 25 ஆகக் குறைந்திருக்கிறது. பஞ்சு கொஞ்சம் விலகியது, எரிவு கொஞ்சம் கூடியது. இரவுக்குப் பழைய 75தான். ஜெலியில் பாதி, வெள்ளி இரவு மட்டும். அடுத்த நாள் கார் எடுக்கத் தேவையில்லை, மகளும் வந்து நிற்பாள். பாதிக்கு நோ பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் சனிக்கிழமை விடிய ஐந்து மணிவரை நித்திரை கொள்கிறேன். மற்ற ஆறு இரவும் இரண்டு மணிக்கு எழும்பி, சுடுதண்ணிப் போத்தலை நாரியில் வைத்துக்கொண்டு குசினியில் இருக்கிறேன்.

ஆடியில் நல்லூருக்குப் போகிறோம். கனடாவுக்கு வெளியே இதைக் கொண்டுபோவது குற்றம், நினைக்கவே வேண்டாம். மிச்சம் பேரனுக்கு எட்டாத இடத்தில், பூட்டின அலுமாரிக்குள். திறப்பு மனிசியிடம். கேட்டால், "இண்டைக்கு வெள்ளியோ?" என்று கலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் தருவா.