பார்வை விலங்கு

'ஹனிபாட்' என்பதைத் 'தேன்குடம்' என்று பெயர்ப்பதில் நமக்கு நிறைவில்லை. தேனுக்கு வரும் எறும்பு ஒட்டிக்கொள்ளும். இக்கருவியோ வருபவரின் செயலை ஓசையின்றிக் குறித்துக்கொண்டிருக்கும். பழந்தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ஒன்றுண்டு. காட்டு விலங்கை ஈர்ப்பதற்காக வேடன் பழக்கிக் கட்டிவைக்கும் விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர்.

நாம் பணியாற்றும் கல்லூரியில் கணினித்துறை மாணவர் சிலர், மின்வாகனங்களுக்கு மின்னேற்றும் நிலையம்போல் நடிக்கும் பார்வையொன்றை அமைத்தனர். அதன் தமிழ் விளக்கத்தைச் செப்பம் செய்யச் சென்ற நாம், வியப்பினால் அங்கேயே தங்கிவிட்டோம்.

இத்தகைய நிலையங்களுக்கும் கள்வர் உண்டோ எனில், உண்டு. 2022 பிப்ரவரியில் மாஸ்கோ - செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நெடுஞ்சாலையின் மின்னேற்றிகள் சில முடங்கின. அவற்றின் திரைகளில் ரஷ்ய அதிபரைப் பழிக்கும் வாசகங்கள் ஓடின. சாலையோரத்துப் பெட்டிதான், ஆயினும் அது இணையத்தோடு பிணைந்த கணினி. தலைமைக் கணினியோடு 'ஓசிபிபி' என்னும் பொது நெறிமுறையில் உரையாடும். விழித்ததும் தன்னை அறிவிக்கும். குறித்த இடைவெளியில், தான் இயங்குவதை உணர்த்த 'இதயத்துடிப்பு' அனுப்பும்.

இவற்றையெல்லாம் நடித்துக் காட்டுவது எளிதன்று. 230 வோல்ட், 32 ஆம்பியர், ஏறத்தாழ 7.4 கிலோவாட் என எழுதிவிடலாம். ஆனால் மெய்யான வண்டியின் மின்கலம் நிறையும் தறுவாயில் அது வாங்கும் மின்னோட்டம் குறையும். இறுதிவரை ஒரே எண்ணைக் காட்டும் நிலையம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். மாணவர் அந்தச் சரிவையும் எழுதினர். கல்லூரி வலையமைப்பினின்று பிரித்த தனிக் கணினியில் அதை நிறுவினர். நுழைந்தவர் அங்கிருந்து பிறரைத் தாக்கவியலாதவாறு வெளிவழியை அடைத்தனர். வந்தவை பெரும்பாலும் மனிதரல்ல. வழக்கமான கடவுச்சொற்களை வரிசையாக ஒப்பித்துச் செல்லும் நிரல்களே.

நம்பகம் கூட்டுவதற்காக, உண்மையான தெருப்பெயரைச் சூட்டி நிலையத்தை இணைய வரைபடத்திலும் சேர்க்கலாம் என்றார் ஒரு மாணவர். "திருடன் நம்ப வேண்டாமா ஐயா?" என்று வாதிட்டார். நாம் உடன்படவில்லை. புறநானூற்றின் 320ஆம் பாட்டை அவர்களுக்குச் சொன்னோம். பார்வையாகக் கட்டிய பெண்மானோடு காட்டுக் கலைமான் ஒன்று கூடி விளையாடுகிறது. கண்ட வேடன் மனைவி, உறங்கும் கணவன் எழுந்துவிடுவானோ, கலைமான் பிணையைப் பிரிந்துவிடுமோ என்றஞ்சி அசையாது நிற்கிறாள். உலரும் தினையைக் காட்டுக்கோழி கவர்ந்துண்கிறது. அதையும் அவள் ஓட்டவில்லை. பார்வையை நாடி வருவதெல்லாம் வேட்டைப்பொருளன்று என்பது அவ்வீட்டிலேயே ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

மின்கலம் வற்றும் வேளையில், நள்ளிரவில், பிள்ளைகளோடு ஒருவர் அந்த வரைபடத்தை நம்பி வரக்கூடும். தாகத்தோடு வருபவருக்குக் கானலைக் காட்டிவிட்டுக் கள்வனுக்காகச் செய்தோம் என்பது எவ்வகை நீதி? மாணவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு முகவரிக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டனர். அதைக் கண்டு ஐயுற்றுக் கள்வர் சிலர் விலகியிருக்கலாம். விலகட்டுமே.