மூன்றாவது சிலிண்டர்

சோழவரத்தில் ஓடிய பந்தயக் கார் ஒன்று, எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் கொட்டகையில் நெடுநாள் உறங்கிக் கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமே சோழவரத்தின் பந்தயத் தடம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமையும் முன்னர், சென்னை மக்கள் திரண்டு சென்று பந்தயம் கண்ட இடம் அது. காரில் இருந்தது ஃபியட் 1100இன் 1089 சி.சி. என்ஜின். அதைப் பிரித்துப் புதிய பிஸ்டன் ரிங்குகள் பொருத்தும் பணி, என் பரிந்துரையால் வேலைக்குச் சேர்ந்த இளைஞனிடம் ஒப்படைக்கப்பட்டது.

மூன்றாம் வாரமே கார் நீலப்புகை கக்கியது. "ரிங்கைத் தவறாக மாட்டிவிட்டான், ஃபாதர். நாளை முதல் அவன் வரவேண்டாம்" என்றார் அன்பர். நான் மறுக்கவில்லை. தலைகுனிந்து நின்றவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முதிய மெக்கானிக் ஒருவர் வரவழைக்கப்பட்டார். வேகத்தைக் குறைத்து மீண்டும் மிதிக்கும் கணத்தில் மட்டும் புகை வந்தால் வால்வு கைடின் மேல் ஐயம் கொள்ள வேண்டும், இழுவையில் விடாமல் வந்தால் ரிங்கின் மேல் ஐயம் கொள்ள வேண்டும் என்றார். இங்கே விடாமல் வந்தது. பிளக்குகளைக் கழற்றிக் கம்பிரஷன் கேஜை வைத்தார். மற்ற மூன்று சிலிண்டர்களும் 140 பவுண்டை ஒட்டிக் காட்ட, மூன்றாவது மட்டும் 85இல் நின்றது. அதில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் சோதித்தார். முள் 120க்கு ஏறியது.

"வால்வில் கசிவு என்றால் எண்ணெய் ஊற்றியும் ஏறாது. எண்ணெய் ரிங்கின் சந்தை அடைத்ததால்தான் ஏறியது" என்றார்.

"பார்த்தீர்களா!" என்றார் அன்பர்.

"கோளாறு எங்கே என்பதுதான் தெரிந்திருக்கிறது. ஏன் என்பது இன்னும் தெரியவில்லை" என்றார் முதியவர்.

பிஸ்டன் வெளியே வந்தது. மேல் ரிங் இரண்டு துண்டாகியிருந்தது. சிலிண்டரின் மேற்பகுதியில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் ஒரு படியில் தடுக்கியது. பழைய ரிங்குகள் ஆண்டுக்கணக்கில் உரசித் தேய்த்த சுவருக்கு மேலே, தேயாத விளிம்பு எஞ்சியிருந்தது. பழைய ரிங் அந்த விளிம்போடு தானும் தேய்ந்து பழகியது. புதிய ரிங்கின் கூரிய முனையோ அதில் மோதி மோதி முறிந்துவிட்டது.

"போரிங் செய்யாமல் புது ரிங் போடலாமா?" என்றார் முதியவர்.

இளைஞன் அப்போதுதான் வாய் திறந்தான்: "லேத் பட்டறைக்கு அனுப்பலாம் என்று சொன்னேன், ஐயா. செலவு வேண்டாம் என்றார்கள்."

அன்பர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "சொன்னான்" என்றார்.

நான்கு சிலிண்டர்களும் போரிங் செய்யப்பட்டு, அளவு கூடிய பிஸ்டன்கள் வந்தன. பொருத்தியவன் அதே இளைஞன்தான். புகை நின்றது.

அன்பர் செலவுக்கு அஞ்சினார். நான் என் பரிந்துரைக்கு இழுக்கு நேருமே என்று அஞ்சினேன். ஓர் இரும்புத் துண்டின் மேல் பழி சுமத்துமுன் அந்த முதியவர் இத்தனை சோதனை செய்தார். ஒரு மனிதனின் மேல் பழி விழுந்தபோது நான் ஒன்றுகூடச் செய்யவில்லை. பின்னொரு நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, சாமி" என்றான்.

ஆறுதலாகத்தான் சொன்னான். என் குற்றமும் அதுவே.