இடையில் நின்ற கணினி



ஒருநாள் இரவு என் வீட்டுக் கணினி தொடங்கும்போதே உறைந்து நின்றது. விடிந்தால் வகுப்பில் மாதிரிப் பரீட்சை, வினாத்தாளோ அதற்குள். கலைப் பட்டதாரியான நான் பதறிப்போய் ஆளியை நான்கைந்து தடவை அணைத்துப் போட்டேன். பயனில்லை, அப்படிச் செய்தால் கோப்புகளும் பழுதாகலாம்.

பிறகுதான் நீங்கள் படிக்கும் பாடம் நினைவுக்கு வந்தது. மின் வந்ததும் பயோஸ் முதலில் வன்பொருள்களைச் சோதிக்கும். பின்னரே பணிசெயல் முறைமை வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றப்படும். என் கணினி விண்டோஸ் சின்னம் தோன்றுமுன்பே நின்றது. ஆகவே இணைத்திருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தொடக்கிப் பார்த்தேன். பென் டிரைவைக் கழற்றியதும் கணினி இயங்கியது! வினாத்தாளுக்கு உடனே ஒரு பிரதியும் எடுத்தேன்.

கடினமான வினாவிலும் பதறாதீர்கள். எந்தப் படியில் நின்றீர்கள் என்று முதலில் பாருங்கள்.